பிரான்ஸ் கிராமத்துச் சாலைகளில் சைக்கிள் ஓட்ட: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லியோனுக்குப் படிக்கவோ வேலைக்கோ வரும் நம்மவர்கள், சைக்கிள் வாங்கி ஒரு மாதம் ஆனதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஊருக்கு வெளியே, கார் லாரி தொல்லை இல்லாமல் நிம்மதியாக ஓட்ட ரோடு எங்கே இருக்கிறது?" இதற்கு ஒரே ஓர் இடத்தின் பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டால் அதோடு நின்றுபோகும். அமைதியான சாலை இந்த நாட்டில் எங்கேயும் இருக்கிறது, பெரும்பாலும் பெரிய சாலைக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும், சரியான நேரத்தில் அதில் இருக்கவும் தெரிய வேண்டும். கால் பலமெல்லாம் அப்புறம் தானாக வரும்.

நான் இதைக் கஷ்டப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் தடவை மாக்கோனிலிருந்து தூர்னூவுக்குப் போக போனில் வழி போட்டேன், அது காருக்கான வழி என்பதைக் கவனிக்கவில்லை. போய் ஏறியது டி 906 என்ற பெரிய சாலையில். ஒவ்வொரு லாரி தாண்டும்போதும் முதலில் காற்று சைக்கிளை ஓரத்துக்குத் தள்ளும், அடுத்த நொடியே நடுரோட்டுப் பக்கம் இழுக்கும். முப்பது கிலோமீட்டரும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருந்ததில், தூர்னூ போய் இறங்கியபோது விரல்களை விரிக்கவே முடியவில்லை. அங்கே நதிக்கரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் பார்த்தேன், சோன் நதியை ஒட்டி வுவா ப்ளூ என்ற சைக்கிள் பாதை போகிறது. லக்சம்பர்க் எல்லையிலிருந்து லியோன் வரை சுமார் 700 கிலோமீட்டர் வரும் பாதை அது. நான் விட்டு வந்த மாக்கோனையும் வந்து சேர்ந்த தூர்னூவையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது. திரும்பும்போது அதில் வந்தேன். பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை யாராவது ஒருவர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார், வேறு யாரும் இல்லை.

அன்றிலிருந்து நான் அதிகம் ஓட்டுவது தெற்கு பர்கண்டியில், அதாவது ஷலோன், தூர்னூ, க்ளூனி, மாக்கோன் ஊர்களுக்கு நடுவே. அதனால் உதாரணமெல்லாம் அங்கிருந்தே சொல்கிறேன். முறை பிடிபட்டுவிட்டால் நாட்டின் எந்த மூலைக்கும் அது பொருந்தும்.

சாலையின் எழுத்தையும் எண்ணையும் படியுங்கள்

பிரான்சில் சாலைகளின் மொத்த நீளம் பத்து லட்சம் கிலோமீட்டருக்கு மேல். ஏறக்குறைய 35,000 கம்யூன்கள், அதாவது நம் ஊராட்சி போல. ஒவ்வொன்றும் தன் ஊரையும் பண்ணைகளையும் பக்கத்து ஊரையும் இணைக்கத் தனக்கென்று சாலை வைத்திருக்கிறது. தார் போட்ட, ஒரு கார் மட்டும் தாராளமாகப் போகக்கூடிய சாலைகள். நமக்கு வேண்டியது இவைதான்.

ஏ என்று தொடங்கினால் மோட்டார்வே, சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. என் (N) என்றால் தேசிய நெடுஞ்சாலை, அதைத் தொடவே வேண்டாம். க்ளூனிக்குத் தெற்கே போகும் என் 79-இல் நாள் முழுக்க சரக்கு லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். டி என்றால் மாவட்டச் சாலை. சி என்றால் கம்யூன் சாலை. சி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

டி-யில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். டி என்றாலே சின்னச் சாலை என்று நினைத்துவிடக் கூடாது. 2006-இல் அரசு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தேசிய நெடுஞ்சாலையை மாவட்டங்களின் பொறுப்பில் விட்டது. அப்போது பலகையில் எழுத்து மாறியது, ஓடும் லாரி மாறவில்லை. நான் முதல் நாள் மாட்டிக்கொண்ட டி 906, பாரிசிலிருந்து தெற்கே வரும் பழைய என் 6-தான். ஆகவே 900 வரிசையில் எண் இருந்தால் இரண்டு தடவை யோசியுங்கள். ஓரிலக்க, ஈரிலக்க டி-க்கள் நடுத்தரம். 100, 200, 300 வரிசை மூன்றிலக்க எண்கள் பெரும்பாலும் நமக்கு ஏற்றவை. ஒரு மாவட்டத்தைத் தாண்டி அடுத்ததற்குள் போனதும் அதே சாலைக்கு எண் மாறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். "டி 17-ஐப் பிடித்து நேரே போ" என்று எழுதி வைத்துக்கொண்டால் எல்லையில் திணறுவீர்கள், ஊர்ப்பெயர்களை எழுதிக்கொள்வதே நல்லது.

வழிகாட்டிப் பலகையின் நிறமும் உதவும். நீலம் மோட்டார்வேக்கு. பச்சை தூரத்துப் பெரிய நகரங்களுக்கு, போக்குவரத்து முழுவதையும் அது அந்தப் பக்கம்தான் அனுப்பும். வெள்ளைப் பலகை பக்கத்துக் கிராமங்களுக்கு. சந்திப்பில் ஒரே ஊர்ப்பெயர் இரண்டு பக்கமும் காட்டினால் வெள்ளை காட்டும் பக்கம் திரும்புங்கள். ஓரத்தில் நிற்கும் கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் டி, சிவப்பாக இருந்தால் என் (N) சாலை. போன் செத்துப்போன ஒரு நாள் அந்த மஞ்சள் தலைகளை வைத்தே நான் ஊர் வந்து சேர்ந்திருக்கிறேன்.

காகித வரைபடம் ஒன்று வாங்குங்கள்

மிஷ்லான் நிறுவனத்தின் மாவட்ட வரைபடம் ஒன்று போதும், ஒரு சென்டிமீட்டர் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் என்ற அளவில் இருக்கும். அதில் சிவப்புக் கோடுகள் பெரிய சாலைகள், மஞ்சள் அதற்கு அடுத்தது, வெள்ளை எல்லாவற்றிலும் சின்னது. வெள்ளையை வெள்ளையோடு இணைத்துக்கொண்டே போனால் வழி கிடைத்துவிடும். சிவப்பைக் குறுக்கே கடக்கலாம், அதன் மேலேயே ஓட்டக் கூடாது. வேறு வழியில்லாமல் ஓட்ட வேண்டி வந்தால் ஒரு கிலோமீட்டருக்குள் இறங்கிவிடும்படி வழியை மாற்றிப் போடுங்கள்.

சாலையை ஒட்டிச் சின்ன அம்புக்குறிகள் இருக்கும். அவை ஏற்றத்தைக் காட்டுபவை, ஏறும் திசை பார்த்து நிற்கும். ஒன்று இருந்தால் 5 முதல் 9 சதவீதம், இரண்டு இருந்தால் 9 முதல் 13, மூன்று இருந்தால் அதற்கும் மேல். புதியவர்கள் ஒற்றை அம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். எதிர்த்திசையிலிருந்து வந்தால் அதே அம்பு உங்களுக்கு இறக்கம் என்பதால், சுற்றுவழி போடும்போது எந்தப் பக்கத்திலிருந்து ஏறுவது என்பதை இங்கேயே முடிவு செய்துவிடலாம்.

சில சாலைகளின் ஓரத்தில் பச்சைக் கோடு ஓடும். அழகான வழி என்று அர்த்தம். அழகு உண்மைதான், ஆனால் அதே வரைபடத்தைப் பார்த்துத்தான் மோட்டார் சைக்கிள் கூட்டமும் ஞாயிறு மதியம் வருகிறது. பச்சைச் சாலையைக் காலையில் ஓட்டுங்கள், அல்லது அதற்கு இணையாகப் பின்னால் ஓடும் வெள்ளையைத் தேடுங்கள்.

போன் வேண்டாம் என்று சொல்லவில்லை. கோமூட் மாதிரியான செயலியில் வழி போட்டு, ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும். ஆனால் செயலி சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். குறுக்குவழி என்று சொல்லி டிராக்டர் தடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். வழி போட்டு முடித்ததும், சந்தேகமான இடங்களைச் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள்: தார் கறுப்பாகத் தெரிகிறதா, நடுவில் புல் பச்சையாகத் தெரிகிறதா என்று. பத்து நிமிட வேலை, ஒரு மணிநேரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பது மிச்சமாகும்.

எப்போது கிளம்புவது

மே, ஜூன், செப்டம்பர் மிக நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் பகல் சூடு நம் ஊரை நினைவுபடுத்தும், சாயங்காலம் திடீரென்று இடி மழை வரும். ஓட்ட வேண்டுமானால் ஆறு மணிக்கே கிளம்பி மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். ஏப்ரலில் காலை விரல்கள் விறைக்கும், கையுறை வேண்டும்.

நாளில் எது அமைதியான நேரம் என்று கேட்டால் பலரும் அதிகாலை என்பார்கள். அதுவும் சரி. ஆனால் எனக்குப் பிடித்தது பன்னிரண்டரை முதல் இரண்டு வரை. பிரான்ஸ் முழுக்க அந்த நேரத்தில் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. டிராக்டர் வயல் ஓரத்தில் நிற்கும், டெலிவரி வேன் எங்காவது உணவகத்து வாசலில் நிற்கும், ஊருக்குள் போனால் ஜன்னல் வழியாகத் தட்டும் முள்கரண்டியும் உரசும் சத்தம் கேட்கும். நடுத்தரமான டி சாலையில்கூட இருபது நிமிடத்துக்கு ஒரு கார் வராது. கொஞ்சம் பெரிய சாலையைக் கடந்துதான் ஆக வேண்டும் என்றால் அந்தப் பகுதியை இந்த நேரத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

ஞாயிறு காலை இன்னொரு நல்ல நேரம், லாரிகளுக்குப் பெரும்பாலும் ஓட்டத் தடை இருக்கும் நாள். இலையுதிர், குளிர் காலங்களில் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு எச்சரிக்கை உண்டு. செப்டம்பரிலிருந்து பிப்ரவரி கடைசி வரை வேட்டைக் காலம். காட்டோரம் "ஷாஸ் ஆன் கூர்" என்று பலகை வைத்து, ஆரஞ்சு உடை போட்டவர்கள் நின்றால், வேட்டை நடக்கிறது என்று பொருள். தார்ச் சாலையில் இருங்கள், காட்டுப் பாதைக்குள் நுழையாதீர்கள், கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சட்டை போடுங்கள்.

சைக்கிள்

இதற்கென்று விலையுயர்ந்த வண்டி வேண்டாம். சாலைச் சைக்கிளோ, இங்கே வெத்தேசே என்று சொல்லும் எல்லாப் பாதைக்குமான சைக்கிளோ போதும். டயர் 28 முதல் 35 மில்லிமீட்டர் இருந்தால் கிராமச் சாலையின் சொரசொரப்பைத் தாங்கும். பின் சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் இருக்கட்டும், இந்த வட்டாரத்தில் மலை கிடையாது என்றாலும் ஒவ்வொரு கிராமமும் ஒரு மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். இரண்டு டியூப், டயர் கழற்றும் நெம்பு, பம்பு, சின்னக் கருவிப் பெட்டி. கிராமங்களில் சைக்கிள் கடை இருக்காது, பஞ்சர் ஒட்டும் அண்ணனும் இருக்க மாட்டார். வீட்டு வாசலில் ஒரு தடவை டியூப் மாற்றிப் பழகிவிட்டுக் கிளம்புங்கள்.

தெரிந்தே ஆக வேண்டிய விதிகள்

எல்லாவற்றிலும் முக்கியமானது வலதுபுற முன்னுரிமை. பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில், வலப்பக்கத்திலிருந்து வருபவருக்குத்தான் வழி. நீங்கள் போகும் சாலை அகலமாக, நேராக இருக்கலாம்; வலதுபுறம் ஒரு சந்து மாதிரி வந்து சேரலாம்; அந்தச் சந்திலிருந்து வரும் பாட்டியின் கார் நிற்காது, நிற்க வேண்டியதும் இல்லை. கிராமத்துக்குள் இப்படிப்பட்ட சந்துகள் வரிசையாக வரும். இரண்டு வீட்டுக்கு நடுவே இடைவெளி தெரிந்தாலே பிரேக்கில் விரல் வைப்பது எனக்கு இப்போது பழக்கமாகிவிட்டது. வெள்ளை ஓரம் போட்ட மஞ்சள் வைரப் பலகை பார்த்தால் முன்னுரிமை உங்கள் சாலைக்கு. அதே வைரத்தின் குறுக்கே கோடு இருந்தால் அந்த உரிமை முடிந்தது, மறுபடியும் வலதைப் பாருங்கள். ரவுண்டானாவில் ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கு வழி விட வேண்டும்.

சிவப்பு விளிம்பு போட்ட வெள்ளைப் பலகையில் ஊர்ப்பெயர் இருந்தால் அங்கிருந்து வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். பெயரைச் சிவப்புக் கோடு அடித்திருந்தால் ஊர் முடிந்தது, அதற்கு மேல் கார்கள் 80 வரை போகலாம், சில மாவட்டங்களில் 90. உங்களைத் தாண்டும் கார் ஊருக்குள் ஒரு மீட்டரும், வெளியே ஒன்றரை மீட்டரும் இடைவெளி விட வேண்டும். அதற்காக நடுக்கோடு தொடர்கோடாக இருந்தாலும் அதைத் தாண்ட அவர்களுக்கு அனுமதி இருக்கிறது. அதனால் ஓரப் புல்லை உரசிக்கொண்டு ஓட்ட வேண்டாம். விளிம்பிலிருந்து ஒரு கை நீளம் உள்ளே ஓட்டினால்தான் பின்னால் வருபவர் முழுதாக ஒதுங்கிப் போவார், ஓரமாக ஒட்டிக்கொண்டால் நெருக்கித் தாண்டத் தோன்றும். பகலில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டலாம், பின்னால் வண்டி தாண்ட வந்தால் ஒருவர் பின் ஒருவர் ஆகிவிட வேண்டும்.

காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டுவது 2015 முதல் தடை. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஹெல்மெட் கட்டாயம், பெரியவர்களுக்குச் சட்டப்படி இல்லை. எல்லாரும் போடுங்கள் என்றுதான் சொல்வேன். இருட்டினாலோ மூடுபனி இறங்கினாலோ, ஊருக்கு வெளியே ஒளி பிரதிபலிக்கும் மஞ்சள் மேலங்கி போட வேண்டும். மணி, முன் பின் விளக்கு இருக்க வேண்டும். ஆபத்து என்றால் 112.

இன்னொரு பலகையை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "கிராவியோன்". கோடையில் சின்னச் சாலைகளைப் பழுது பார்ப்பது எப்படி என்றால், சூடான தாரை ஊற்றி, மேலே சன்ன ஜல்லியைக் கொட்டி, வண்டிகள் ஓடியே அதை அழுத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். சக்கரத் தடம் இரண்டும் கெட்டியாக இருக்கும், நடுவிலும் வளைவின் வெளி ஓரத்திலும் ஜல்லி குவிந்து கிடக்கும். இறக்கத்தில் அதன்மேல் முன் பிரேக் பிடித்தால் சக்கரம் கையை விட்டுப் போய்விடும். என் இடது முழங்கையில் இருக்கும் தழும்பு அப்படி வந்ததுதான். பலகையைப் பார்த்ததுமே, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கார்ச் சக்கரம் போன தடத்திலேயே போங்கள்.

சாப்பாடு, தண்ணீர்

பன்னிரண்டரைக்குச் சாலை காலியாகிறது என்றேன் அல்லவா, அதே நேரத்தில் கடையும் மூடிவிடும். பேக்கரி காலை ஏழு மணி வாக்கில் திறந்து மதியம் மூடி, மூன்று நான்கு மணிக்கு மறுபடி திறக்கும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, பல ஊர்களில் அது திங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் எதுவும் கிடைக்காது. மே 1 அன்று ஏறக்குறைய எல்லாமே மூடியிருக்கும். ஆகவே பதினொரு மணிக்கு எந்த ஊரில் இருக்கிறீர்களோ அங்கே பேக்கரி திறந்திருந்தால், பசி இல்லாவிட்டாலும் ஒரு சாண்ட்விச் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, அடுத்த மூன்று ஊரிலும் இரும்புக் கதவையே பார்த்த நாட்கள் எனக்கு உண்டு.

பசித்துப் புசி என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சைக்கிளில் அது நேர்மாறு. செயிந்த் எத்தியேன் நகரில் வாழ்ந்த போல் தெ விவி, வெலோசியோ என்ற பெயரில் இந்த நாட்டுக்குச் சைக்கிள் சுற்றுலாவைப் பழக்கியவர், 1930-இல் காலமானார். பசிக்கும் முன்பே சாப்பிடு, தாகம் எடுக்கும் முன்பே குடி என்று அவர் சொன்னது இன்றும் இங்கே சைக்கிள்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். ஒரு மணிநேரத்துக்கு ஒரு வாழைப்பழமோ நாலு பேரீச்சையோ, கால் மணிக்கு ஒரு மடக்குத் தண்ணீர். பசி தெரிந்த பிறகு சாப்பிட்டால் அது காலுக்கு வந்து சேர அரை மணி ஆகும்.

தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். கிராமத்து மாதா கோயிலுக்குப் பக்கத்திலோ ஊர் எல்லையிலோ சுற்றுச்சுவரோடு இருக்கும், இரும்புக் கேட்டைத் தள்ளினால் திறக்கும். உள்ளே நுழைந்ததும் சுவரோரமாக ஒரு குழாய், அதன் கீழே பூச்செடிக்கு ஊற்றும் பச்சை வாளிகள். செத்துப்போனவர்களுக்குப் பூ வைக்க வருபவர்களுக்கான தண்ணீர் அது. "ஓ நோன் பொத்தாப்ல்" என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது, முகம் கழுவிக்கொள்ளலாம். "ஓ பொத்தாப்ல்" என்றால் குடிக்கலாம். எதுவும் எழுதாத இடத்தில் நான் குடிப்பதில்லை, பக்கத்து வீட்டில் கேட்டுவிடுவேன். குரலை உயர்த்தாமல், தொப்பியைக் கழற்றி, கேட்டை மறுபடி சாத்திவிட்டு வாருங்கள்.

யாரிடம் எதைக் கேட்பதாக இருந்தாலும் முதல் சொல் போன்ஜூர். கடைக்குள் கால் வைத்ததும், குழாயடியில் யாரையாவது பார்த்ததும், எதிரே நடந்து வருபவரிடமும். போன்ஜூர் சொல்லாமல் நேரே கேள்வி கேட்டால் முகம் இறுகிவிடும். சொல்லிவிட்டு, பாட்டிலைக் காட்டி, "ரெம்ப்ளீர் மோன் பிதோன், சில் வூ ப்ளே" என்றால் பெரும்பாலும் ஐஸ்கட்டியும் சேர்த்தே கிடைக்கும்.

எங்கே தொடங்குவது

முதல் நாள் ரயிலில் ஷலோன் போய் இறங்குங்கள். லியோனிலிருந்து திஜோன் போகும் டி.ஈ.ஆர் வட்டார ரயில்கள் மாக்கோன், தூர்னூ, ஷலோன் எல்லா இடத்திலும் நிற்கும், சைக்கிளோடு ஏறலாம். சில தடங்களில் கோடையில் சைக்கிளுக்கு முன்பதிவு கேட்கிறார்கள், முதல் நாளே பார்த்துவிடுங்கள். ஷலோனிலிருந்து ஜிவ்ரி வழியாக பூசி வரை, போக வர நாற்பது கிலோமீட்டருக்குள்தான். ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை ஓடிய பழைய ரயில் பாதையின் மேல் தார் போட்டு 1997-இல் திறந்த 44 கிலோமீட்டர் பாதை இது, பிரான்சின் முதல் வுவா வெர்த், பசுமைவழி என்று சொல்லலாம். ரயில் ஏறிய சரிவு என்பதால் ஏற்றம் தெரியவே தெரியாது. பழைய ஸ்டேஷன் கட்டடங்கள் வழியில் நிற்கின்றன, இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம். சாலையைக் கடக்கும் இடங்களில் மட்டும் நின்று பாருங்கள். பூசி என்ற ஊர்ப்பெயரின் நடுவில் எக்ஸ் எழுத்து இருக்கும், உச்சரிப்பில் கிடையாது. தூர்னூவின் கடைசி எஸ்ஸும் அப்படித்தான்.

இது சுலபமாக இருந்தால் அடுத்த வாரம் தூர்னூவிலிருந்து மாக்கோன், சுமார் 65 கிலோமீட்டர். புதியவர்களுக்கு இதைவிட நல்ல ஒரு நாள் வழி எனக்குத் தெரியாது. தூர்னூவில் செயிந்த் ஃபிலிபேர் மடத்துக் கோயிலைப் பார்த்துவிட்டு டி 14-இல் மேற்கே திரும்புங்கள். மோட்டார்வேயைக் கடந்ததும் சத்தம் பின்னால் போய்விடும். ஓஸ்னே, மார்த்தாய் கிராமங்கள் தாண்டி ப்ரான்சியோன் கணவாய்க்கு ஏற்றம். முன்கூட்டியே இலகுவான கியருக்கு மாறிக்கொண்டு, பேசிக்கொண்டே ஓட்ட முடிகிற வேகத்தில் ஏறுங்கள். மேலே ஒரு கிளைச்சாலையில் ப்ரான்சியோன் கிராமம் இருக்கிறது. கோட்டை, பழைய சந்தை மண்டபம், 12-ஆம் நூற்றாண்டுக் கோயில், அவ்வளவுதான் ஊர், கார்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. கோயிலுக்குப் பின்னால் போய் நின்றால் க்ரோன் நதியின் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும், இனி நீங்கள் போகப்போகும் வழி அதுதான்.

அங்கிருந்து இறக்கம். ஷாப்பேஸ் ஊரின் 35 மீட்டர் மணிக்கூண்டு தூரத்திலேயே தெரியும், வயல்களுக்கு நடுவே ஒற்றையாக நிற்கும் ஆயிரம் வருடக் கல். இந்தப் பக்கத்து ஊர்களில் பல இடங்களில் மணி இரண்டு தடவை அடிக்கும்: பதினொன்று அடித்து முடித்து, இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் பதினொன்று. வயலில் இருப்பவர் முதல் தடவை எண்ணத் தவறினாலும் இரண்டாம் தடவை எண்ணிக்கொள்ளலாம் என்று விளக்கம் சொல்கிறார்கள்.

கோர்மத்தானில் வுவா வெர்த் மறுபடி கிடைக்கும். அதில் தெற்கே திரும்பினால் 1940-இல் சகோதரர் ரோஜே தொடங்கிய தேஸே ஆசிரமத்தின் அடிவாரம் வரும், கோடையில் உலகம் முழுவதிலிருந்தும் இளைஞர்கள் வந்து தங்கும் இடம். அப்புறம் க்ளூனி. 910-இல் நிறுவிய மடம், ஒரு காலத்தில் கிறித்தவ உலகத்தின் பெரிய கோயில் இங்கேதான் இருந்தது. புரட்சிக்குப் பிறகு கல் கல்லாக இடித்து விற்றதில் ஒரு சிறு பகுதிதான் மிச்சம். சாப்பாட்டுக்கு இங்கே நிறுத்துங்கள்.

க்ளூனிக்குத் தெற்கே புவா க்ளேர் சுரங்கம், 1.6 கிலோமீட்டர் நீளம், பழைய ரயில் சுரங்கமேதான். முப்பத்தைந்து டிகிரி வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தால் வியர்வை உடம்பில் ஜில்லென்று ஒட்டும், ஒரு மெல்லிய ஜாக்கெட்டை வாயிலிலேயே போட்டுக்கொள்ளுங்கள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள், விளக்கைப் போடுங்கள். வௌவால்கள் குளிர்கால உறக்கத்துக்கு இங்கே வருவதால் குளிர் மாதங்களில் சுரங்கத்தை மூடிவிடுவார்கள். அப்போது மேட்டின் மேல் ஏறிப் போகும் மாற்றுவழியில் போக வேண்டும். மறுபக்கம் வெளியே வந்ததும் பெர்ஸே கோட்டை, பிறகு 493 மீட்டர் உயரமுள்ள சொலூத்ரே பாறை, கப்பலின் முன்மூக்கு போலத் தெரியும். அப்புறம் மாக்கோன் வரை பெரிய சிரமம் இல்லை.

இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் க்ளூனியில் இரவு தங்கி, மறுநாள் மேற்கே மாத்தூர், ஷரோல் பக்கம் வெள்ளைச் சாலைகளில் போங்கள். வேலிப்புதர்களுக்கு நடுவே வெள்ளை ஷரோலே மாடுகள், கார் மிக அரிது. ஆனால் சமதளம் கிடையாது, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நாளுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாதீர்கள். தங்க, ஊராட்சி நடத்தும் முகாம் மைதானங்கள் மலிவு. "அக்கேய் வெலோ" என்ற முத்திரை இருக்கும் விடுதிகளில் சைக்கிளைப் பூட்டி வைக்க இடம் தருவார்கள்.

வேறு பகுதிகள் பற்றியும் ஒரு வரி. சமதளம் வேண்டுமானால் லுவார் நதியோரம், சுமார் 900 கிலோமீட்டர் குறியிட்ட பாதை, அதில் எந்தத் துண்டையும் எடுக்கலாம். கொஞ்சம் கால் பழகியவர்களுக்கு தெற்கே லுபெரோன் சுற்று, 236 கிலோமீட்டர், காவயோன், ஆப்த், ஃபோர்கால்கியே, மனோஸ்க் வழியாக. ஜூலையில் மட்டும் வேண்டாம். கனால் து மிதி என்ற கால்வாயின் கரை பெயர் பெற்றது, ஆனால் பல இடங்களில் கரைப்பாதை மண்ணும் வேரும்தான், மெல்லிய டயருக்கு ஏற்றதல்ல. நிழல் தந்த ப்ளாத்தான் மரங்களும் 2006-இல் கண்டுபிடித்த பூஞ்சை நோயால் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டுவிட்டன.

திரும்பும் ரயில் விஷயம் ஒன்று பாக்கி. ஞாயிறு சாயங்காலம் ஆறு, ஏழு மணி ரயில்களில் மாணவர்கள் கூட்டம், சைக்கிள் கொக்கிகள் நிரம்பியிருக்கும். நாலு மணி ரயிலுக்கே மாக்கோன் வந்துவிடும்படி காலையில் கிளம்புங்கள். மேடையில் நிற்கும்போதே பைகளைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு, ரயில் உள்ளே வரும்போது சைக்கிள் படம் ஒட்டிய கதவு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முன் சக்கரத்தைத் தூக்கிக் கொக்கியில் மாட்டுங்கள், ஹேண்டில்பாரைப் பக்கத்துச் சைக்கிளுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி விட்டால் இன்னொருவருடையதும் அங்கே நுழையும்.